பிடியரிசியும் பள்ளிக்கூடமும்: சாவறா அடிகளார் வரலாறு

மலையாள நாட்டிலே பள்ளி என்றால் கிறிஸ்தவர் வழிபடும் கோயில். நமக்கோ பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கும் இடம். இவ்விரு பொருளையும் ஒரே வளாகத்தில் கொண்டுவந்து சேர்க்க உழைத்தவர் குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா அடிகளார். பள்ளிக்கூடம் என்னும் சொல்லே அவரால் பிறந்ததென்று கேரளத்தில் சிலர் கூறுவதுண்டு. அதனை நாம் ஏற்பதற்கில்லை. அவர் பிறப்பதற்கு முன்னரே தமிழில் அச்சொல் வழங்கிற்று. அடிகளாரின் பெருமைக்கு அத்தகைய முட்டுக்கொடுத்தல் வேண்டியதுமில்லை.

அடிகளார் 1805ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள், நீர் சூழ்ந்த குட்டநாட்டின் கைனகரி என்னும் ஊரில் பிறந்தார். முதலில் எழுத்தறிவித்தவர் ஊர்த் திண்ணைப் பள்ளியின் ஆசான். அவர் ஓர் இந்து. 1818இல் பள்ளிப்புறம் குருமடத்தில் சேர்ந்தார். அங்குப் பயிலுங்காலத்தே தாயும் தந்தையும் உடன்பிறந்த ஒரே சகோதரரும் நோயால் மாண்டனர். குடும்பத்தைத் தாங்க ஆண் துணையில்லை. உறவினர் ஊருக்குத் திரும்பும்படி வற்புறுத்தினர். அவரோ வீட்டையும் நிலத்தையும் உற்றார் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு மீண்டும் குருமடம் ஏகினார். 1829இல் குருப்பட்டம் பெற்றார்.

ஆசிரியராகிய பாலக்கல் தோமா மல்பான், போரூக்கரத் தோமா என்னும் குருக்கள் இருவருடன் கூடி, 1831 மே 11ஆம் நாள், கோட்டயத்திற்கு அருகே மன்னானம் என்னும் குன்றின்மேல் ஒரு துறவு மடத்துக்கு அடிகோலினார். 1833இல் அங்குக் குருமடம் தொடங்கிற்று. 1841இல் பாலக்கல் மறைந்தார். 1846 தொடக்கத்தில் போரூக்கரரும் மறைந்தார். மூவர் தொடங்கிய பணி ஒருவர் தோள்மேல் விழுந்தது.

தளர்ந்து அமர வேண்டிய அந்த ஆண்டிலேதான் இரு பெருஞ்செயல்கள் நடந்தன என்பது நம்மை வியக்கவைக்கிறது. முதலாவது, மடத்தையொட்டி நிறுவிய வடமொழிப் பள்ளி. வடமொழிக் கல்வி எல்லார்க்கும் எட்டாதிருந்த காலம் அது. திருச்சூரிலிருந்து வாரியர் ஒருவரை ஆசிரியராக வரவழைத்துச் சாதி வேறுபாடின்றி மாணவரைச் சேர்த்தார். குருத்துவ மாணவரும் அவ்வகுப்பில் அமர்ந்தனர். அடிகளாரும் உடன் பயின்றார்.

இரண்டாவது அச்சகம். கோட்டயத்தில் சீர்திருத்தச் சபையாரின் அச்சகம் முன்னரே இருந்தது. அங்கே தொழில்நுட்பம் அறிய அவருக்கு வழி கிட்டவில்லை. ஆதலின் திருவனந்தபுரம் சென்று அரசாங்க அச்சுப்பொறியைக் கண்ணால் கண்டு வந்தார். வாழைத்தண்டைச் செதுக்கி அதன் மாதிரியைச் செய்து காட்ட, தச்சர் மரத்திலே பொறியைச் செய்து முடித்தனர். விலை கொடுத்து வாங்க இயலாததை வாழைத்தண்டால் கற்றுக்கொண்டார் என்க.

1861இல் சிரியன் கத்தோலிக்கருக்கு அவர் முதன்மைக் குருவாக நியமிக்கப் பெற்றார். மெசொப்பொத்தாமியாவிலிருந்து வந்த ரோக்கோஸ் ஆயரால் எழுந்த பிளவைத் தணித்ததும் இக்காலத்தே. அதனை விரிப்பின் பெருகும். கோயில்தோறும் பள்ளி ஒன்று வேண்டும் என்னும் ஆணையை 1864இல் அடிகளாரே பிறப்பித்தார் என்பர் சிலர். ஆயர் பெர்னர்தீன் அதற்கு முன்பே பிறப்பித்தார் என்பர் வேறு சிலர். நாள்தோறும் சுற்றறிக்கைகளைக் கோப்பில் கட்டிவைக்கும் நமக்கு இவ்வழக்கு அத்துணைப் பெரிதன்று. சுற்றறிக்கை வேறு, நடப்பது வேறு என்பதை நாம் நன்கறிவோம். பிறரைப் பள்ளி கட்டச் சொல்லுமுன் அவர் தம் குன்றிலே கட்டிக் காட்டியிருந்தார் அன்றோ!

பள்ளி கட்டினால் போதுமா? பசித்த பிள்ளை எங்ஙனம் வரும்? ஆர்ப்பூக்கரையில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி வைத்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவும் உடுக்க ஆடையும் அளிக்க ஏற்பாடு செய்தார். இதற்கு அவர் நாடியது செல்வர் வாயிலையன்று, அடுக்களையை. உலையிலிடும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் கோயிலில் சேர்ப்பித்தால் போதும். பிடியரிசி என்னும் வழக்கம் நம் தாய்மார் அறியாததன்று. ஆயினும் அதைக் கொண்டே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடலாம் என்று கணக்கிட்ட மதி அருமையானது.

1866இல் லெயோப்போல்து அடிகளுடன் சேர்ந்து கூனம்மாவில் பெண்களுக்கான துறவு மடத்தையும் நிறுவினார். பெண்மக்கள் கல்விக்கும் அதனால் வழி பிறந்தது. அக்கூனம்மாவிலேயே 1871 ஜனவரி 3ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் விதைத்தவை பின்னரே தழைத்தன. 1885இல் மன்னானத்தில் ஆங்கிலப் பள்ளி எழுந்தது. புனித எப்ரேம் பெயர் தாங்கி இன்று மேல்நிலைப் பள்ளியாக விளங்குவது அதுவே. 1887இல் அம்மடத்து அச்சகத்திலிருந்து தீபிகை என்னும் செய்தித்தாள் வெளிவரலாயிற்று. 1889இல் அடிகளாரின் திருவெலும்புகள் கூனம்மாவிலிருந்து குன்றுக்குக் கொணரப்பட்டன. 2014 நவம்பர் 23ஆம் நாள் உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

விடுமுறையில் கோட்டயம் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் நம் காலனி அன்பர்கள், கோட்டயத்தில் இறங்கினால் மன்னானம் சென்றுவர அரைநாள் போதும். கல்லறையும் மடமும் பள்ளியும் ஒரே குன்றின்மேல் உள்ளன.