ஹாப்கின் பெருமகனார்

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணிகை மலைக்குக் காவடி சுமந்து வரும் அடியவர் பல்லாயிரவர். இத்தகைய திருவிழாக்கள் நம் நாடெங்கும் நிகழ்கின்றன. முற்காலத்தில் விழாக் கூட்டங்களில் வாந்திபேதியும் அழையா விருந்தாக வந்து புகுவதுண்டு. வழிபடச் சென்றோர் பலர் வீடு திரும்பாமலே மாண்டனர். அக்கொடுநோய்க்கு இந்நாட்டில் முதன்முதல் தடுப்பூசி இட்டவர் வால்டெமார் ஹாப்கின் ஆவார்.

ஹாப்கின் 1860-ஆம் ஆண்டு, அந்நாளில் உருசியப் பேரரசைச் சேர்ந்திருந்த ஒடெசா நகரில் யூதர் குடியில் பிறந்தார். கல்வியிற் சிறந்து விளங்கியும், யூதர் என்னும் காரணத்தால் தாய்நாட்டில் தக்க பதவி பெற்றிலர். ஆதலின் பாரிசு சென்று, பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் நூலகப் பணியில் அமர்ந்தார். அங்கு அயராது ஆராய்ந்து, 1892-இல் வாந்திபேதிக்குத் தடுப்பு மருந்து கண்டார். பிறர்க்கு இடுமுன் அதனைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். மறு ஆண்டு இந்தியாவிற்கு வந்து, ஊர்தோறும் சென்று மக்களுக்கு ஊசியிட்டார்.

1896-இல் பம்பாயில் பிளேக்கு நோய் பரவிற்று. ஹாப்கின் ஆங்குச் சென்று, சில திங்களில் அதற்கும் மருந்து கண்டார். 1897 சனவரி 10-ஆம் நாள் அதனையும் முதலில் தம் உடம்பிலேயே சோதித்தார்.

இத்தகையோர்க்கும் இடுக்கண் வந்தது. 1902 அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபில் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்குப் பிளேக்குத் தடுப்பூசி இடப்பட்டது. ஒரே குப்பியினின்று மருந்து பெற்ற 19 பேர் இரணஜன்னி கண்டு இறந்தனர். ஏனைக் குப்பிகளின் மருந்தைப் பெற்ற 88 பேருக்கு அத்தீங்கு நேரவில்லை. எனினும் பழி ஹாப்கின் மீது விழுந்தது. மருந்தைச் செய்தவிடத்திலேயே குற்றம் நேர்ந்தது எனக் கருதி, அவரைப் பணியினின்று விலக்கினர்.

உண்மை யாது? குப்பியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதனை முறைப்படி தூய்மை செய்யாமலே தக்கையைப் பிடுங்கப் பயன்படுத்தினர். இரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. கண்ணுக்குப் புலனாகாத அக்கிருமி இடுக்கியைப் பற்றி மருந்திற் புகுந்து, ஊசி வழியே உடம்பை அடைந்தது. அறிஞர் பலர் இதனை ஆராய்ந்து, ஹாப்கினுக்காக வழக்காடினர். அவருள் ரொனால்டு ராஸ் ஒருவர். 1907-இல் ஹாப்கின் மீதிருந்த பழி நீங்கிற்று. ஐந்தாண்டுத் துயரை மனத்திற் கொள்ளாது, அவர் மீண்டும் இந்தியாவிற்கே வந்து கல்கத்தாவிற் பணிபுரிந்தார்.

நம் உடம்பிற்குத் தோலே கோட்டைமதில். ஊசியின் முனை அம்மதிலில் வாயிலொன்றைத் திறக்கிறது. அவ்வாயில் வழியே மருந்தும் புகலாம், பகையும் புகலாம். இந்நாளில் மருத்துவமனைகளில் நோயாளியின் குருதிநாளத்தில் மென்குழாய் பொருத்தி, மருந்தும் நீரும் நாட்கணக்கிற் செலுத்துகின்றனர். ஊசி நொடிப்பொழுதில் நீங்கிவிடும்; குழாயோ உடம்பிலேயே தங்கியிருக்கும். ஆதலின் அங்கே காவல் மிகுதியும் வேண்டும். அதனைத் தொடும் கை கழுவப்படாதாயின், கிருமி நேரே குருதியிற் கலந்து உயிருக்கே ஊறு செய்யும். மருந்து எத்துணைச் சிறந்ததாயினும், அதனை ஏந்தும் கையும் கருவியும் தூயனவாதல் வேண்டும்.

ஹாப்கின் தோற்றுவித்த பம்பாய் ஆராய்ச்சி நிலையம் 1925-இல் அவர் பெயரையே பெற்றது. 1930-இல் அவர் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் மறைந்தார். பிறருயிர் காக்கத் தம்முயிரையே முதலிற் பணயம் வைத்த அப்பெருமகனாரை நன்றியுடன் நினைவோமாக.