மகா ஆல்பர்ட்

தெய்வபக்தியும் இயற்கை ஆராய்ச்சியும் ஓருள்ளத்திற் கூடி வாழா எனக் கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்தாதென்பதைத் தம் வாழ்க்கையால் விளக்கியவர் மகா ஆல்பர்ட் என்னும் பெரியார்.

இவர் ஏறக்குறைய 1200-ம் ஆண்டில், ஜெர்மனி தேசத்திலே டான்யூப் நதிக்கரையிலுள்ள லாவிங்கன் என்னும் ஊரிற் பிறந்தார். இத்தாலியாவிலே பதுவா நகரிற் கல்வி பயிலுங்கால் தொமினிக் சபையைச் சேர்ந்து துறவு பூண்டார். பின்னர்ப் பாரிஸ் சர்வகலாசாலையில் வேதசாஸ்திர போதகராய் விளங்கினார். தாமஸ் அக்குவினாஸ் இவருடைய மாணாக்கருள் தலைசிறந்தவர். 1248-ம் ஆண்டிற் கொலோன் நகரிலே தம் சபையாருக்கென ஓர் உயர்தரக் கலாசாலையை நிறுவினார்.

கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டிலின் நூல்கள் அக்காலத்தில் ஐரோப்பாவிற் புதிதாய்ப் பரவின. அவருடைய இயற்கை நூல்கள் விசுவாசத்துக்குக் கேடு விளைக்குமென்றஞ்சி, அவற்றைப் போதிக்கலாகாதென 1210-ம் ஆண்டிலேயே பாரிஸ் நகரிற் சபைத்தலைவர் விலக்கியிருந்தனர். ஆல்பர்ட்டோ அவற்றையெல்லாம் இலத்தீன் மொழியில் விளக்கியெழுதத் துணிந்தார். தம் சபையினுள்ளேயே தத்துவ ஆராய்ச்சியை இகழ்ந்தோர் உளராக, அறியாததைப் பழிப்பது அறிவீனமென அவர்களை வன்மையாய்க் கண்டித்தார். ஆயினும் அரிஸ்டாட்டிலுக்கு அடிமையாயினாரல்லர். அவர் தெய்வமல்லர், மனிதரே. ஆதலின் தவறுதலுங் கூடுமென்பது இவர் கொள்கை.

கடவுள் தம் வல்லமையால் எதைச் செய்யக்கூடும் என்பதன்று, அவர் படைத்த இயற்கை தன் காரணங்களால் எங்ஙனம் இயங்குகின்றது என்பதே இயற்கை நூலோன் ஆராயத்தக்கதென இவர் கொண்டார். செடிகள், விலங்குகள், கனிப்பொருள்கள் ஆகியவற்றைக் குறித்துப் பெருநூல்கள் இயற்றினார். தீக்கோழி இரும்பைத் தின்னுமென்று உலகங் கூற, இவர் இரும்பை அதன் முன்னிட்டுப் பார்த்தார், அது தீண்டவில்லை. ஒருவகை வாத்து மரத்தினின்று பிறக்குமென்ற கதையையும், அப்பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தலைக் கண்டு மறுத்தார்.

1254-ம் ஆண்டிற் சபையின் ஜெர்மானிய மாகாணத் தலைவராகி, மடங்கள்தோறும் கால்நடையாகவே சென்றார். 1260-ம் ஆண்டில் ரேகன்ஸ்பர்க் மேற்றிராணியாராய் நியமிக்கப்பட்டும், சிறிது காலத்தில் அப்பதவியைத் துறந்தார். அன்பு மாணாக்கர் 1274-ம் ஆண்டில் மறைந்த பின்னும் உயிர்வாழ்ந்து, 1280-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி கொலோனிற் காலஞ்சென்றார். 1931-ம் ஆண்டில் இவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளிக்கப்பெற்றது. 1941-ம் ஆண்டில் இயற்கை நூலோரின் பாதுகாவலராக அறிவிக்கப்பெற்றார்.

ஜெபக்கூடத்திலே முழந்தாளிட்டவரே தீக்கோழியின் முன் இரும்பையும் இட்டார். உண்மை எத்திசையினின்று வரினும் அதற்கு மூலம் ஒருவரே என்று நம்பியவர்க்கு, ஆராய்ச்சியில் அஞ்சத்தக்கது யாதுமில்லை. கற்கும் நமக்கு அவர் வாழ்க்கை விட்டுச்சென்ற செல்வம் இதுவே.