விளாதிமிர் லெனின்

விளாதிமிர் இலியீச் லெனின் (ஏப்ரல் 22, 1870 – ஜனவரி 21, 1924) ரஷ்யப் புரட்சியாளரும் போல்செவிக் கட்சியின் தலைவரும் ஆவார். 1917 அக்டோபர் புரட்சிக்குத் தலைமையேற்றுச் சோவியத் அரசை நிறுவினார். 52 ஆவது வயதில் பக்கவாதத்தால் தாக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தார். புகைபிடிக்காதவரும் உடற்பயிற்சியில் ஈடுபாடு கொண்டவருமான அவருடைய மூளைத் தமனிகள் அவ்வயதிலேயே சிதைந்தமைக்கான காரணம் மருத்துவ வரலாற்றில் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறது.

இளமை

வோல்கா ஆற்றங்கரையிலுள்ள சிம்பிர்ஸ்க் நகரில் (இன்றைய உல்யானவ்ஸ்க்) பிறந்தார். இயற்பெயர் விளாதிமிர் இலியீச் உல்யானவ். கல்வித்துறை அதிகாரியாக இருந்த தந்தை இலியா உல்யானவ் 1886 ஜனவரியில், 54 ஆவது வயதில், மூளை இரத்தக்கசிவால் இறந்தார். சார் மன்னர் மூன்றாம் அலெக்சாண்டரைக் கொல்லத் திட்டமிட்டமைக்காக அண்ணன் அலெக்சாண்டர் 1887 இல் தூக்கிலிடப்பட்டார். லெனினின் அரசியலை விளக்குவோர் அண்ணனின் மரணத்தையே பெரிதும் குறிப்பிடுவர். அவருடைய நோயை ஆராய்வோருக்குத் தந்தையின் மரணமே முக்கியமானது.

நோய்

1918 ஆகஸ்ட் 30 அன்று மாஸ்கோவில் லெனின் சுடப்பட்டார். இரு குண்டுகள் உடலிலேயே தங்கின. 1921 முதல் கடும் தலைவலியும் தூக்கமின்மையும் அவரை வருத்தின. குண்டிலுள்ள ஈயம் உடலில் கலந்திருக்கலாம் என்ற ஐயத்தால் 1922 ஏப்ரலில் ஒரு குண்டு அறுவை மருத்துவத்தின் மூலம் அகற்றப்பட்டது. அடுத்த மாதமே முதல் பக்கவாதம் ஏற்பட்டது. எனவே அவ்வையம் பொருந்தவில்லை எனலாம்.

1922 டிசம்பரில் மீண்டும் தாக்கிய பக்கவாதத்தால் வலப்புறம் செயலிழந்தது. மருத்துவர்கள் நாள்தோறும் சில நிமிடங்களே பேச அனுமதித்தனர். அந்நிமிடங்களில் செயலாளர்களிடம் சொல்லி எழுதுவித்த குறிப்புகளே பின்னர் லெனினின் இறுதி ஆவணம் எனப்பட்டன. 1923 ஜனவரி 4 அன்று சேர்த்த குறிப்பில், ஸ்டாலினைப் பொதுச்செயலாளர் பதவியிலிருந்து அகற்றும் வழியை ஆராயுமாறு கூறினார். 1923 மார்ச்சில் மூன்றாவது பக்கவாதம் பேச்சைப் பறித்தது. அதன்பின் அப்பரிந்துரையை வலியுறுத்த அவரால் இயலவில்லை. ஸ்டாலின் பதவியில் நீடித்தார். மனைவி குரூப்ஸ்காயா சிறு குழந்தைக்குக் கற்பிப்பதுபோல் அவருக்குச் சொற்களை மீண்டும் பயிற்றுவித்தார்.

இறப்பும் பிரேதப் பரிசோதனையும்

மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கோர்க்கியில், கடும் வலிப்புக்குப் பின் லெனின் இறந்தார். அலெக்சி அப்ரிகோசவ் தலைமையில் நடந்த பிரேதப் பரிசோதனையில், மூளைக்குச் செல்லும் தமனிகள் சுண்ணாம்பேறி, இடுக்கியால் தட்டினால் கல்போல் ஒலிக்குமளவு இறுகியிருந்தமை தெரியவந்தது. இடது உட்கழுத்துத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்தது. மூளையின் இடப்பாதி உடலின் வலப்புறத்தை இயக்குவது. பெரும்பாலானோரில் பேச்சும் அதனைச் சார்ந்தது. எனவே இவ்வடைப்பு நோயின் போக்குடன் ஒத்துப்போகிறது.

காரணம் பற்றிய கருத்துகள்

சிபிலிஸ் நோயே காரணம் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. எனினும் அதற்கான இரத்தப் பரிசோதனையில் நோய் காணப்படவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் அதற்குச் சான்றில்லை. இறுதி வலிப்பு பக்கவாதத்தில் வழமையானதன்று எனக் கூறி நஞ்சூட்டலை ஐயுறுவோரும் உளர். இதற்கு நேரடிச் சான்று இல்லை.

நரம்புநோயியல் அறிஞர் ஹாரி வின்டர்ஸ் உள்ளிட்டோர் 2013 இல் வெளியிட்ட கட்டுரை, பரம்பரைக் காரணத்தை முன்வைக்கிறது. தந்தையும் ஏறத்தாழ அதே வயதில் இறந்தமை இதற்கு வலுச் சேர்க்கிறது. என்.டி.5.ஈ. எனும் மரபணுவின் குறைபாட்டால் கால் தமனிகள் சுண்ணாம்பேறுவது 2011 இல் கண்டறியப்பட்டது. இத்தகைய குறைபாடு லெனினுக்கும் இருந்திருக்கலாம் என்பது கருதுகோளே. அவருடைய மூளை இழையம் மாஸ்கோவில் பாதுகாக்கப்பட்டுள்ளதால் இதனை மரபணுச் சோதனையால் ஆராய வாய்ப்புண்டு.