வெடியுப்பு தேடிய விஞ்ஞானி



லவாய்சியர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஆக்சிஜன், பொருண்மை அழியா விதி. எல்லாம் வேதியியல் பாடத்தில் படித்ததுதான். ஆனால் அவர் ஒரு நாட்டுக்கே வெடிமருந்து செய்து கொடுத்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதைத்தான் நான் இங்கே எழுதப் போகிறேன்.

லவாய்சியர் 1743-ல் பாரிஸில் பிறந்தார். படித்தது சட்டம், மனசு முழுக்க அறிவியல். 1768-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் உறுப்பினர் ஆனார். அதே வருஷம் மன்னருக்காக வரி வசூலிக்கும் கம்பெனியில் பங்கும் வாங்கினார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

அந்தக் காலத்துப் பீரங்கிக்குக் கருமருந்துதான் உயிர். அதில் சுமார் 75 சதவீதம் வெடியுப்பு, 15 சதவீதம் கரி, 10 சதவீதம் கந்தகம். நல்ல வெடியுப்பு எங்கே கிடைத்தது தெரியுமா? நம்ம இந்தியாவில், பீகார் பகுதியில்! 1757 பிளாசிப் போருக்குப் பிறகு அது ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. அப்போது (1756-1763) பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இருந்தன. எதிரி கையில் இருக்கிற உப்பை நம்பி எப்படிச் சண்டை போடுவது? எவ்வளவு செலவு செய்து பீரங்கி வார்த்தாலும், உள்ளே போட மருந்து இல்லையென்றால் அது வெறும் குழாய்தானே!

பிரான்சுக்குள்ளேயும் வெடியுப்பு எடுத்தார்கள். ஆனால் எடுத்த விதம் கொடுமை. ஆட்கள் மக்களின் வீடு, மாட்டுத் தொழுவம் என்று நுழைந்து மண்ணைத் தோண்டுவார்கள். யாரும் தடுக்க முடியாது. வெடிமருந்து செய்யும் உரிமை தனியார் குத்தகையில் இருந்தது.

1775-ல் அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்து, நான்கு அதிகாரிகளை நியமித்தது. அதில் ஒருவர் லவாய்சியர். அவர் கண்டபடி தோண்டுவதைக் கட்டுப்படுத்தினார். மண், சாணம், சுண்ணாம்பு கலந்து பாத்தி கட்டி வெடியுப்பு விளைவிக்கும் முறையை விளக்கிப் புத்தகமே போட்டார்கள். நல்ல முறை கண்டுபிடிப்பவருக்கு அறிவியல் கழகம் பரிசும் அறிவித்தது. சில வருஷங்களிலேயே பிரெஞ்சு மருந்து தரத்தில் பேர் வாங்கியது. அமெரிக்க சுதந்திரப் போருக்கே கப்பலில் அனுப்பினார்கள் என்றால் பாருங்களேன்!

இது ஆபத்தில்லாத வேலை இல்லை. 1788-ல் எஸ்ஸோன் ஆலையில் புது மருந்தைச் சோதிக்கும்போது வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். அங்கே போயிருந்த லவாய்சியரும் அவர் மனைவியும் மயிரிழையில் தப்பினார்கள்.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. வரி வசூல் கம்பெனிக்காரர்கள் மீது மக்களுக்குக் கடும் கோபம். 1793 நவம்பரில் அவரும் கைதானார். 1794 தொடக்கத்தில் நாடே போருக்காக வெடியுப்பு காய்ச்சிக்கொண்டு இருந்தது. ஊர் ஊராக ஆட்களை வரவழைத்து பாரிஸில் வகுப்பு எடுத்தார்கள். அந்த வித்தையை நன்கு அறிந்தவரோ சிறையில்! 1794 மே 8-ல் கில்லட்டினில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. வயது 50.

அவரிடம் தொழில் கற்ற டூபாண்ட் என்ற இளைஞர் அமெரிக்கா போய், 1802-ல் அங்கே ஒரு வெடிமருந்து ஆலை தொடங்கினார். அதுதான் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற டூபாண்ட் கம்பெனி.

வெடிமருந்து உயிரைக் கொல்லும் பொருள், அதில் பெருமைப்பட என்ன இருக்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் அவரிடம் கற்றுக்கொண்டது வேற. ஒரு நாடு பெரிய பெரிய ஆயுதத்துக்குச் செலவு செய்வது மட்டும் பாதுகாப்பு இல்லை. அதற்குள்ளே போகும் சின்னப் பொருள் எங்கிருந்து வருகிறது, நாளைக்கும் வருமா என்று பார்க்கணும். அதைச் செய்யத் தெரிந்த ஆட்களையும் காப்பாத்தணும். முதல் பாடத்தை பிரான்ஸ் படித்தது. இரண்டாவதைக் கோட்டை விட்டது.

நண்பர்களே, நீங்களும் யோசியுங்கள்!