பொருள் வாங்கிய இமாம்

இமாமுல் அஃளம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வணிக நேர்மையைப் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். துணியிலிருந்த குறையைச் சொல்லாமல் பங்காளி ஹஃப்ஸ் விற்றுவிட்டார் என அறிந்ததும், அந்தக் கிரயம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்த வரலாறு நம் மேடைகளில் அடிக்கடி கூறப்படுவதே. ஆனால் அன்னார் கடைவீதியில் ஒரு பொருளை வாங்கும்போது எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதை நாம் அவ்வளவாக எடுத்துரைப்பதில்லை. நம்மில் விற்பவர் சிலர். வாங்குபவரோ நாம் எல்லோரும்.

ஹிஜ்ரி 80ல் (கி.பி. 699) கூஃபா நகரில் பிறந்த நுஃமான் இப்னு தாபித் அவர்கள் இளமையிலேயே பட்டுத்துணி வணிகத்தில் ஈடுபட்டார்கள். இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்களின் தூண்டுதலால் கல்வியின்பால் திரும்பி, ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் பயின்றார்கள். மார்க்கச் சட்ட மேதையாகப் புகழ்பெற்ற பின்னரும் கடையை மூடிவிடவில்லை.

ஒருநாள் பெண்மணியொருவர் பட்டாடை ஒன்றை விற்க வந்தார். 100 திர்ஹம் கேட்டார். இது அதைவிட அதிகம் பெறும் என்றார்கள் இமாமவர்கள். அப்பெண்மணி நூறு நூறாக ஏற்றி 400க்கு வந்தார். இன்னும் அதிகம் பெறும் என்றதும், தம்மைப் பரிகசிப்பதாக அவர் எண்ணிவிட்டார். உடனே விலை மதிக்கத் தெரிந்த ஒருவரை வரவழைத்து, 500 திர்ஹம் கொடுத்து அதை வாங்கினார்கள். விற்பவர் மனமொப்பிச் சொன்ன விலைதானே, 100க்கு வாங்கியிருந்தால் யார் குறை கூறியிருப்பார்?

உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் வாழும் வாசகர்கள் இதைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டுகிறேன். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ பச்சைக் கொழுந்து தேவை. பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலையைச் சேராவிடில் கெட்டுவிடும். நல்ல விலை வரட்டும் என்று சிறு விவசாயி அதை வீட்டில் பூட்டி வைக்க இயலாது. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது மலையில் எத்தனை குடும்பங்கள் தத்தளித்தன என்பதை மூத்தோர் அறிவர். சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் 1960களிலிருந்தே இம்மலையில் இருக்கின்றன. இன்கோசர்வின் ஊட்டி டீ நியாயவிலைக் கடைக்கும் வந்தது. ஆயினும் கடையில் நாம் கேட்பது பெரும்பாலும் இரண்டே: விலை குறைவா? நிறம் ஏறுமா? அந்த நிறத்துக்காகவே சாயமேற்றிய கலப்படத்தூள் விற்பனைக்கு வருகிறது. ஈரமான வெள்ளைத் தாளில் தூளைத் தூவிப் பாருங்கள். சாயமிருந்தால் தாளில் கறை படரும். வீட்டில் செய்யத்தக்க எளிய சோதனை இது.

மீண்டும் கூஃபாவுக்கு வருவோம். களவாடப்பட்ட ஆடு ஒன்று ஊர் மந்தையில் கலந்துவிட்டது என்ற செய்தி பரவிற்று. ஓர் ஆடு எத்தனை காலம் உயிர் வாழும் என இமாமவர்கள் விசாரித்தார்கள். ஏழு ஆண்டுகள் என்றனர். ஏழு ஆண்டுகள் ஆட்டிறைச்சியையே விட்டுவிட்டார்கள்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஊராருக்கு இறைச்சி ஹராம் என்று அன்னார் ஃபத்வா வழங்கவில்லை. கசாப்புக் கடைக்காரரைக் குற்றம் சாட்டவுமில்லை. அது அவர்களது சொந்தப் பேணுதல். இக்காலத்தில் சிலர் ஒரு பொருளைத் தாம் விட்டவுடனேயே அண்டை வீட்டாரின் அடுப்படியைச் சோதிக்கப் புறப்பட்டுவிடுகின்றனர். அது இமாமவர்களின் வழியன்று.

கலீஃபா மன்சூர் நீதிபதிப் பதவியை அளிக்க முன்வந்தபோது மறுத்தார்கள். அரசரின் அன்பளிப்புகளையும் ஏற்க இசையவில்லை. அதன் விளைவாகச் சிறை. ஹிஜ்ரி 150ல் (கி.பி. 767) பக்தாதில் வஃபாத்தானார்கள். அடக்கம் செய்யும் இடத்தைக் குறித்தும் வஸிய்யத் செய்திருந்தார்கள். கைஸுரான் அடக்கத்தலத்தையே குறிப்பிட்டார்கள். ஏனெனில் அது எவரிடமிருந்தும் அபகரிக்கப்படாத நிலம். அவ்வாறே அங்கு நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.