மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவர்

காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலைக்குக் காரில் ஏறுகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மேலே போகப் போகக் காற்று லேசாகிவிடும். அதற்கேற்பப் பெட்ரோலையும் குறைக்க வேண்டும்; இல்லையேல் என்ஜின் புகை கக்கும். இன்றைய காரில் இந்தக் கணக்கைப் போடுவது ஒரு சிறு கம்ப்யூட்டர் பெட்டி. அந்தப் பெட்டி இல்லாத நாளில் என்ஜினின் குணத்தை மனிதன்தான் அறிந்திருக்க வேண்டும். அப்படி அறிந்தவர் கோவை ஜி.டி. நாயுடு.

1893 மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கலில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டி! அதன் மேல் இளைஞருக்குத் தீராத ஆசை. பணத்துக்கு எங்கே போவது? கோவைக்குப் போய் ஹோட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார், மறுபடியும் பூட்டினார். அவர் படித்த கல்லூரி அதுதான்.

1920-இல் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்து உதவ, ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே அதை ஓட்டினார். கடனுக்கு வாங்கிய ஒரே வண்டி. அது நடுவழியில் நின்றால் பிழைப்பும் நின்றுவிடும் அல்லவா?

என்ஜினுக்குக் காற்று, பெட்ரோல், நெருப்புப் பொறி மூன்றும் வேண்டும். அளவு தப்பினாலும், பொறி முந்தினாலும் பிந்தினாலும் வண்டி முரண்டு பிடிக்கும். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் பொறி விழும் நேரத்தை டிரைவரே ஒரு கைப்பிடியால் மாற்றுவார். இப்போது அந்த வேலையைச் சென்சார்களும் கம்ப்யூட்டரும் பார்க்கின்றன. காற்று எவ்வளவு வருகிறது, சூடு எவ்வளவு, கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது, புகையில் பிராணவாயு மிஞ்சுகிறதா என்று சென்சார்கள் ஓயாமல் சேதி சொல்கின்றன. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும், பொறி எப்போது விழ வேண்டும் என்று பெட்டி கட்டளையிடுகிறது. நொடிக்குப் பல தடவை இது நடக்கிறது. ஏதாவது கெட்டால் விளக்கு எரியும். மெக்கானிக் ஒரு கருவியைச் செருகி, கோளாறு எங்கே என்று படித்துக்கொள்கிறார்.

நாயுடுவின் ஒற்றைப் பஸ் யூ.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். 1952-இல் இருவர் செல்லும் சிறு கார் ஒன்றைச் செய்து காட்டினார். விலை 2,000 ரூபாய்தான். சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் கார் ஏறியிருக்குமோ!

1974 ஜனவரி 4 அன்று அவர் காலமானார். கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜீடி கார் மியூசியத்தில் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.