புட்டலட்சுமியின் மகள்

ஏழைத் தாய் ஒருத்தி தன் குழந்தைக்குச் சேர்த்து வைக்கக்கூடிய மிகப் பெரிய சொத்து கல்வியே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வடசென்னை மாணவர்களுக்குப் பொருளியல் கற்பித்த நான், இதை விளக்க முற்படும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

1878-ஆம் ஆண்டு மைசூர் சமஸ்தானத்து நஞ்சன்கூட்டில் அவர் பிறந்தார். தாய் புட்டலட்சுமி தேவதாசி மரபினர். தந்தை சுப்பாராவ் வழக்குரைஞர். மகளின் குழந்தைப் பருவத்திலேயே இருவரையும் கைவிட்டார். மனைவி என்ற தகுதி பெறாத பெண்ணைக் கைவிடுவதை அன்றைய சமூகம் பெருங்குற்றமாகக் கருதியதில்லை.

புட்டலட்சுமி மகளை மைசூருக்கு அழைத்துச் சென்று, கிரிபட்ட திம்மையா என்ற பண்டிதரிடம் சம்ஸ்கிருதம் பயில வைத்தார். ஒரு கட்டத்தில் அந்த ஆதரவும் நின்றது. மகளைக் கல்வியிலும் கலையிலும் தேர்ந்தவளாக்கிய பிறகே மைசூருக்குத் திரும்புவேன் என்று அந்தத் தாய் சபதம் செய்து வெளியேறியதாகச் சொல்வார்கள். பெங்களூரில், தியாகராஜரின் சீடர் வழிவந்த முனுசாமப்பாவிடம் சிறுமியின் இசைப் பயிற்சி தொடர்ந்தது. ஆனால் மகளின் வெற்றியைக் காணத் தாய்க்குக் கொடுத்து வைக்கவில்லை. நாகரத்தினம் பதின்ம வயதில் இருக்கும்போதே அவர் மறைந்தார். பின்னர் அதே மைசூரின் அரசவையில் மகள் பாடிப் பரிசு பெற்றார்.

அடுத்து அவர் வாழவந்த இடம், சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுன். கச்சேரி வருவாயில் சொத்து சேர்த்தார். சென்னையில் வருமான வரி செலுத்திய முதல் பெண் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவதுண்டு.

தாய் தந்த கல்வி பாட்டோடு நின்றுவிடவில்லை. தஞ்சை அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி என்ற கணிகைப் பெண் இயற்றிய தெலுங்குக் காவியம் சிதைக்கப்பட்டு அச்சானதைக் கண்டு, 1910-இல் அதன் முழு வடிவத்தைப் பதிப்பித்தார். ஆங்கிலேய அரசு நூலைத் தடை செய்தது. 1947-இல் பிரகாசம் முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது, தம் குலப் பெண்களின் சொத்தும் கலையும் பறிபோகும் என்று நாகரத்தினம்மாள் எதிர்த்தார். அந்த முறையின் கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் வாழ்வாதாரம் குறித்த அவருடைய அச்சத்தை அற்பமென்றும் தள்ள இயலாது.

திருவையாற்றில் கேட்பாரற்றுக் கிடந்த தியாகராஜரின் சமாதியைச் சொந்தப் பணத்தில் கோயிலாக்கினார். ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றபோது, பெண்களுக்கென்று தனி அணி கண்டார். 1952-இல் மறைந்த அவருடைய சமாதியும் அங்கேயே இருக்கிறது. சொத்தையும் அந்தப் பணிக்கே எழுதி வைத்தார்.

இன்று காசிமேட்டில் மீன் விற்றும், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஒப்பந்தக் கூலியாக உழைத்தும் தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார்களின் நிலை என்ன? திருமணமாகாத தாய், தந்தையின் ஒப்புதலின்றியே குழந்தைக்குக் காப்பாளராகலாம் என்று உச்சநீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் அந்தத் தொகை கல்லூரி வாசலை எட்டியவர்களுக்கே கிடைக்கிறது. தாய் நோயில் விழுந்தாலோ வேலை இழந்தாலோ, பிள்ளையின் படிப்பு எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ முறிந்துபோகிறது. தனித்து வாழும் தாயின் பிள்ளைக்கு உதவி தேவைப்படுவது அப்போதுதான்.

புட்டலட்சுமி ஆதரவை இழந்த நாளிலும் மகளின் படிப்பை நிறுத்தவில்லை. அந்தப் பிடிவாதம் ஒரு தாயின் தனிச் சுமையாகவே இருக்க வேண்டியதில்லை. அதில் பாதியையேனும் அரசு ஏற்க வேண்டும்.